காலை ஊன்றலாம் என்று சொல்வது யார்?

அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில், புறநோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். “உங்களுக்குக் கால் ஊனச் சொல்லிட்டாங்களா?” பிளேட் வைத்தவர் ராடு போட்டவரிடம் கேட்பார். மாவுக்கட்டோடு இருக்கும் பையனின் அம்மா, வாக்கரைப் பிடித்து நிற்கும் பெரியவரிடம் கேட்பார். எந்தக் கம்பெனி பிளேட், எத்தனை ஸ்குரூ என்ற பேச்சு அங்கே அதிகம் எழுவதில்லை. தரையில் உட்காரலாமா, மாடிப்படி ஏறலாமா, வேலைக்கு எப்போது போகலாம் என்பதுதான் பேச்சு. மருத்துவரிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்கள். அவரும் தனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறார். அவருக்கு முறிந்தது கெண்டைக்கால், இவருக்கு இடுப்பு.

எலும்பைக் கூட்டுவதில் தமிழ்நாடு நன்றாகவே தேறியிருக்கிறது. முன்பு சென்னைக்கோ வேலூருக்கோ போய்ச் செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள் இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் நடக்கின்றன. கூடிய எலும்போடு ஒரு மனிதரை அவருடைய வீட்டுக்கும் வேலைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். குணமாகி வந்தவர்கள் “நல்லா பாத்தாங்க” என்று சொல்லும்போது இந்தப் பிந்தைய வேலையைத்தான் சொல்கிறார்கள். அது இன்று நோயாளியின் அதிர்ஷ்டமாக இருக்கிறது. நல்ல சுபாவமுள்ள ஒரு மருத்துவர், பொறுமையான ஒரு செவிலியர், கையைப் பிடித்து நிற்க வைக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் அமைந்தால் கிடைக்கிறது, அமையாவிட்டால் இல்லை. பரிவை அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டியதில்லை, அதை மருத்துவமனையின் வேலைமுறையாகவே ஆக்க முடியும் என்பதுதான் என் வாதம்.

வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிவை எடுத்துக்கொள்வோம். விடிகாலையில் குளியலறையில் கால் வழுக்குகிறது. தொடை எலும்பின் மேல்முனை முறிகிறது. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. அந்த முதல் நாளின் வேதனை, முறிந்ததால் மட்டும் வருவதில்லை, நகர்த்துவதாலும் வருகிறது. தரையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து 108 வண்டிக்கு, ஸ்ட்ரெச்சருக்கு, எக்ஸ்ரே மேசைக்கு, மறுபடியும் வார்டு கட்டிலுக்கு என்று ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் உயிர் போய் வருகிறது. இதற்கு எளிய தீர்வு உண்டு. தொடை மடிப்புக்குக் கீழே, நரம்புகள் செல்லும் தளத்தில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்தினால் பல மணி நேரம் வலி அடங்கும். பயிற்சி பெற்ற ஒருவர் அவசரப் பிரிவிலேயே சில நிமிடங்களில் செய்துவிடலாம். வயதானவர்களுக்குப் புத்தி தடுமாற வைக்கும் கடும் வலி மருந்துகளின் தேவையும் குறையும். எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் முன் இந்த ஊசியைப் போடும் இடமும் இருக்கிறது, “படம் எடுத்துட்டு வாங்க பார்ப்போம்” என்று அனுப்பிவிடும் இடமும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அறுவை சிகிச்சை ஒரே தரத்தில் நடக்கலாம். நோயாளிக்கு இரண்டும் ஒன்றாகுமா?

அதன்பின் காத்திருப்பு. இதய மருத்துவர் பார்க்க வேண்டும், எக்கோ எடுக்க வேண்டும், மயக்க மருத்துவர் ‘பிட்னஸ்’ கொடுக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து வெறும் வயிறு. மறுநாள் மாலை நான்கு மணிக்கு, “இன்னைக்கு இல்லை, நாளைக்கு” என்ற தகவல் வருகிறது. சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் வலியோடும் தூக்கமில்லாமலும் கிடக்கும் எண்பது வயது மூளை, அன்றிரவு தடம் மாறுகிறது. செத்துப்போன கணவரைக் கூப்பிடுகிறார், டிரிப்ஸைப் பிடுங்குகிறார், மகளை யாரென்று கேட்கிறார். பாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் நடுங்கிப்போகிறார்கள். இது பெரும்பாலும் தற்காலிகக் குழப்பம், வலியும் தாகமும் தூக்கமின்மையும் நோய்த்தொற்றும் சில மருந்துகளும் சேர்ந்து உண்டாக்குவது, கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொடுத்துத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தால் தெளிய உதவும் என்று யாராவது இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்.

அறுவையை விரைவில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. 17 நாடுகளில் 69 மருத்துவமனைகள் சேர்ந்து 2,970 பேரிடம் நடத்திய அந்த ஆய்வு 2020-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. இடுப்பு முறிவு உறுதியான சுமார் 6 மணி நேரத்தில் ஒரு சாராருக்கும், சுமார் 24 மணி நேரத்தில் மறு சாராருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் விரைவாகச் செய்துகொண்டவர்களில் புத்தித் தடுமாற்றம் குறைவாக இருந்தது, அவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். உயிர் பிழைத்தாரா என்று மட்டும் பார்த்தால் இந்த ஆய்வில் லாபம் எதுவும் இல்லை. எப்படிப் பிழைத்தார் என்று பார்த்தால் நிறைய இருக்கிறது. நோயாளிகளின் அனுபவம் என்று நாம் சொல்வது முழுக்க இந்த ‘எப்படி’க்குள்தான் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் மைக்கேல் டேவாஸ் என்ற எலும்பு அறுவை நிபுணரும் பாபி இர்வின் என்ற முதியோர் மருத்துவரும் ஒரே வார்டைச் சேர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை இது. முறிந்த எலும்பை ஒருவர் பார்ப்பார், முறிந்தவரை இன்னொருவர் பார்ப்பார். அந்த யோசனை பின்னாளில் அந்த நாட்டின் பொது வழக்கமானது. 2007-இல் இடுப்பு முறிவுகளுக்கென்றே தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். 2010-இல், 36 மணி நேரத்துக்குள் அறுவை, 72 மணி நேரத்துக்குள் முதியோர் மருத்துவரின் பரிசோதனை, மனத்தெளிவுச் சோதனை, மறுபடி விழாமலிருக்க ஆலோசனை எனச் சில நிபந்தனைகளை நிறைவேற்றும் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் தரத் தொடங்கினார்கள். மறுநாளே பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும் என்பதையும் பிறகு சேர்த்தார்கள். முறிவுக்குப் பின் 30 நாளில் இறப்பவர்கள் 2007-இல் நூற்றுக்கு 10.9 பேராக இருந்தார்கள், 2011-இல் 8.5 பேராகக் குறைந்தார்கள். அந்த நாட்டு மருத்துவர்கள் திடீரென்று இளகிய மனம் படைத்தவர்களாகிவிடவில்லை. எது நடந்தால் பணம் என்பதை அரசு மாற்றி எழுதியது, அவ்வளவுதான். பரிவுக்கு நேரம் குறித்தார்கள், விலை வைத்தார்கள், கணக்குக் கேட்டார்கள்.

என் பெரியம்மாவுக்கு இடுப்பு முறிந்தபோது வார்டில் இருந்த ஒரு செவிலியர் புரட்டிப் படுக்க வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் சொல்வார்: “இப்ப திருப்பப் போறேம்மா. மூணு எண்ணுவேன். மூணாவதுல மூச்சை விடுங்க.” சொல்லாமல் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. வலி குறைந்ததா என்று பெரியம்மாவைக் கேட்டால், “வலி இருந்துச்சு, பயம் இல்லை” என்பார். அறுவை செய்த மருத்துவரின் பெயர் அவருக்கு மறந்துவிட்டது.

அறுவைக்கு மறுநாள் எழுப்பி நிற்க வைக்கும் கட்டம்தான் நம் ஊரில் மிகக் கடினம். இங்கே எதிரே நிற்பது அலட்சியம் இல்லை, அன்பு. “ஆபரேஷன் பண்ண காலை அசைக்கலாமா? தையல் பிரிஞ்சிடாதா?” என்று மகன் தடுக்கிறார். மருமகள் படுக்கையிலேயே ஊட்டிவிடுகிறார். பெட்பேன் இருக்கும்போது கழிவறைக்கு எதற்கு என்கிறார்கள். அந்தப் பாசத்தில் பெரியவர் வாரக்கணக்கில் மல்லாந்து கிடக்க, முதுகில் படுக்கைப் புண் வருகிறது, நெஞ்சில் சளி கட்டுகிறது, காலில் ரத்தம் உறைகிறது, தொடைத் தசை வற்றிப்போகிறது. மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கிறது. அவருக்கு நடக்கத்தான் முடியவில்லை. இந்தக் குடும்பத்தைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. “நான் பிடிச்சுக்கிறேன், விடமாட்டேன், ரெண்டு எட்டு வைங்க” என்று சொல்லி, வைத்துக் காட்டி, அதை மகன் கண்ணால் பார்க்கும்படி செய்யும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பிசியோதெரபிஸ்ட். ஒரு வார்டு முழுக்க ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள் என்றால், யார் கையை அவர் பிடிப்பது?

டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் வருகிறது. காலில் எடை கொடுக்கலாமா கூடாதா என்பது அதில் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருக்கும். வாங்கிய மகளுக்குப் படிக்கத் தெரிந்தாலும் அந்தச் சுருக்கம் புரியாது. வீட்டில் பாய்தான் படுக்கை, கழிவறை குந்தி உட்காரும் வகை. செயற்கைப் பந்து பொருத்தியவர் குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று அறிவுரை. வீட்டில் அவர் காலையில் எழுந்து செய்ய வேண்டிய முதல் காரியமே அந்த அறிவுரைக்கு விரோதம். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று போதும், கட்டிலை உயர்த்த நாலு கல் போதும், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போதும். இதைக் கேட்டுத் தெரிந்து சொல்லி அனுப்ப ஆகும் நேரம் பத்து நிமிடம். ‘உங்க வீட்டுக் கழிவறை எப்படி இருக்கும்?’ என்று அறுவைக்கு முன்பே கேட்கிற மருத்துவரை நான் மிகப் பெரிய நிபுணராக மதிக்கிறேன்.

சம்பாதிப்பவர் விழுந்தால் நிலைமை வேறு. சாரத்திலிருந்து விழுந்து கெண்டைக்கால் நொறுங்கிய கொத்தனாருக்கு நான்கைந்து மாதக் கூலி போகிறது. முழங்கால் இறுகாமலிருக்க வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொல்கிறார்கள். கட்டைக்கோலோடு இரண்டு பேருந்து மாற வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும், அவர் கூலியும் போகும். இரண்டு வாரம் வருகிறார், பிறகு நின்றுவிடுகிறார். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது. இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். ஒத்துழைப்பதற்கு அந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருந்தது?

படித்தவர்கள்கூட இன்றும் ஏன் புத்தூருக்குப் போகிறார்கள் என்று மருத்துவர்கள் கோபப்படுவதுண்டு. ஆந்திர எல்லையில் இருக்கும் அந்தக் கட்டு வைத்தியத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் போகிறது. கோபத்தில் நியாயம் உண்டு. மூங்கில் தப்பையை இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து, கடைசியில் கையையே எடுக்க நேர்ந்த குழந்தைகளை நம் அரசு மருத்துவமனை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். மூட்டுக்குள் முறிவு, தோலைக் கிழித்து வெளிவந்த எலும்பு, முதியவரின் இடுப்பு எல்லாம் கட்டு வைத்தியத்துக்குரியவை இல்லை. இதில் சமரசத்துக்கு இடமே கிடையாது. ஆனால் அங்கே போய் வந்தவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். போன உடனே தொட்டுப் பார்த்தார், எத்தனை கட்டு, எத்தனை நாள் என்று சொன்னார், என்ன சாப்பிடலாம் என்று சொன்னார், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம் என்கிறார்கள். கை வைத்துப் பார்ப்பதும், நாள் சொல்வதும், வீட்டுக்குத் திரும்புவதும். இவை மூன்றும் அறிவியலுக்கு விரோதமானவை இல்லையே. எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையில் ஏன் இவை கிடைக்கவில்லை என்று கேட்பதற்குப் பதிலாக மக்களின் அறியாமையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மண்ணில் முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் விரியவும் பிடிக்கவும் செய்தார். உலகமே வியந்த சாதனை அது. ஆனால் கை திரும்பக் கிடைத்த சிலர் முன்னைவிடத் துன்பப்படுவதை அவர் கண்டார். தொழுநோய் வந்தவர் என்று வேலை தர ஆளில்லை, கை நன்றாக இருப்பதால் முன்போல் பிச்சையும் விழவில்லை. அறுவையோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் ‘நவஜீவ நிலையம்’ என்று ஒரு குடியிருப்பை ஏற்படுத்தி, அந்தக் கைகளுக்குத் தச்சும் பிற தொழில்களும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். கை சரியாவது என்றால் அந்தக் கை சோறு சம்பாதிப்பது என்பது அவர் போட்ட கணக்கு.

அவருடைய மாணவி மேரி வர்கீஸ். இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். இனி மருத்துவம் பார்ப்பது எப்படி என்று இருந்தவருக்குக் கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்ற வழியைக் காட்டியது வேலூர். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரின் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் அவர் முயற்சியால் வந்தது, இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கால் வராது என்று தெரிந்தவர்களுக்கும் அங்கே வேலை இருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்வது, ஊர்த் தெருவில் சக்கர நாற்காலியை ஓட்டுவது எல்லாம் பாடம். முதுகுத்தண்டு பாதித்தவரிடம் இதையெல்லாம் சொல்ல, அதே பாதிப்பைத் தாங்கிய மருத்துவரைவிடத் தகுதியானவர் யார்?

தென்காசிப் பக்கத்து ஆய்க்குடிக்குப் போகிறவர்கள் அமர் சேவா சங்கத்தைப் பார்க்கலாம். அதை 1981-இல் தொடங்கியவர் ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடல் பயிற்சியில் விழுந்து கழுத்தெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். ராணுவ மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். அந்த மருத்துவரால் அவரை நடக்க வைக்க முடியவில்லை, அன்றைய மருத்துவத்தில் யாராலும் முடிந்திருக்காது. ஆனால் வாழ்ந்துவிடலாம் என்ற தெம்பைக் கொடுத்தார். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய அமைப்புக்கு அந்த மருத்துவரின் பெயரிலிருந்து ‘அமர்’ என்பதை எடுத்து வைத்தார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பயன்பெற்ற ஓர் அமைப்பின் பெயர்ப்பலகையில், தன்னைக் குணப்படுத்த முடியாமல் போன மருத்துவரை ஒரு நோயாளி ஏற்றி வைத்திருக்கிறார். எலும்பு மருத்துவத்தில் பரிவு என்றால் என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியத்தை நான் அறியேன்.

மருத்துவர்களை நிறுத்திவைத்துக் குற்றம் சுமத்துவது என் நோக்கமில்லை. ஒரே காலையில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும் முதுநிலை மாணவர், முந்தைய இரவு முழுக்க விபத்துப் பிரிவில் நின்றவராக இருப்பார். அவரிடம் கனிவாகப் பேசுங்கள் என்று உபதேசிப்பது அநியாயம். அவருக்கு நேரத்தையும் துணைக்கு ஆட்களையும் கொடுக்காத ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஏற்பாட்டில் எங்கே ஓட்டை என்பது தெளிவாகவே தெரிகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எலும்பு அறுவைகளுக்குப் பணம் தருகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். முழங்கால் மாற்றுக்கான செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய். உலோகத்துக்கு விலை குறித்தாகிவிட்டது. உள்ளே வைத்த உலோகத்தோடு அந்த மனிதர் நடந்தாரா என்று மூன்றாம் மாதம் கேட்பதற்குத்தான் யாருக்கும் பொறுப்பு குறிக்கப்படவில்லை.

இதற்குப் புதிதாகத் துறை எதுவும் தொடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அத்திட்டத்தின் வண்டி ஏற்கெனவே கிராமத் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்புக்கோ தொடைக்கோ அறுவை செய்துகொண்டவர் வீடு திரும்பும் அன்றே, அவர் பெயரும் முகவரியும் காலில் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்ற விவரமும் அந்த வட்டாரத்தின் பிசியோதெரபிஸ்டுக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போய்க் கழிவறையையும் கட்டிலையும் படிக்கட்டையும் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழில் ஒரே பக்கம், பெரிய எழுத்தில், எப்போது ஊன்றலாம், எப்போது உட்காரலாம், எது ஆபத்தின் அறிகுறி என்று இருக்க வேண்டும். மருத்துவமனைக்குத் தரும் காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, மூன்றாம் மாதம் நோயாளியிடம் தொலைபேசியில் பேசி, வீட்டுக்குள் துணையின்றி நடக்கிறாரா என்று பதிவு செய்த பிறகே கொடுக்க வேண்டும். கடுமையான முறிவுகளில் நடை திரும்பாமலும் போகலாம். அதற்கு மருத்துவமனையைத் தண்டிக்க வேண்டாம், கேட்டதற்கும் பதிவு செய்ததற்கும் பணம் கொடுத்தால் போதும். பிசியோதெரபிஸ்ட் பணியிடங்களைக் கூட்டாமல் இது எதுவும் நடக்காது. வருகிற நிதிநிலை அறிக்கையில் சுகாதாரத் துறை முதலில் ஒதுக்கவேண்டிய தொகை அதற்குத்தான்.